வேறொரு லினக்ஸ் கருவிக்காக நிரல் தொகுத்தல்

மேசைக் கணினியில் இருப்பது இன்டெல் வகைச் செயலி. ராஸ்பெரி பை போன்ற சிறு கருவியில் இருப்பது ஆர்ம் வகை. ஒன்றின் கட்டளைகள் மற்றதற்குப் புரியா. சிறு கருவியிலேயே பெரிய மென்பொருளைத் தொகுக்க நினைவகமும் வேகமும் போதாது. ஆகவே மேசைக் கணினியில் தொகுத்து, விளைந்த கோப்பை மட்டும் கருவிக்கு அனுப்புகிறோம். இதையே கிராஸ் கம்பைலேஷன், குறுக்குத் தொகுப்பு என்கிறோம்.

கலிபோர்னியா வளைகுடாப் பகுதியில் 1989இல் தொடங்கிய சிக்னஸ் நிறுவனம் இதைத் தொழிலாகவே செய்தது. மைக்கேல் டீமன், ஜான் கில்மோர், டேவிட் ஹென்கல்-வாலஸ் மூவரும் நிறுவியது. எவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய க்னூ தொகுப்பியைப் புதிய செயலிகளுக்குப் பொருத்திக் கொடுத்துப் பணம் ஈட்டினார்கள். ரெட் ஹேட் அதை வாங்குவதாக 1999இல் அறிவித்தது. ஒரே மூலநிரலிலிருந்து பல செயலிகளுக்கு இன்று தொகுப்பி கட்ட முடிவதில் அவர்கள் உழைப்பும் உண்டு.

தேவையானவை நான்கு: பைன்யுட்டில்ஸ், லினக்ஸ் கெர்னலின் தலைப்புக் கோப்புகள், ஜிசிசி தொகுப்பி, சி நூலகம். இங்கே ஒரு சிக்கல். சி நூலகத்தைத் தொகுக்க ஜிசிசி வேண்டும். ஜிசிசி முழுமை பெற சி நூலகம் வேண்டும். வித்தா, மரமா என்ற கதைதான். அதனால் முதலில் சி மொழிக்கு மட்டுமான குறை ஜிசிசியைக் கட்டி, அதைக்கொண்டு நூலகத்தைத் தொகுத்து, பிறகு முழு ஜிசிசியைக் கட்டுகிறார்கள். பில்ட்ரூட், கிராஸ்டூல்-என்ஜி ஆகியவை இவ்வேலையைத் தாமே செய்துவிடும். டெபியனில் ஆயத்தத் தொகுப்பியே கிடைக்கிறது.

ஆனால் ஆயத்தமானது எப்போதும் பொருந்தாது. டெபியனின் 'ஆர்ம்எச்எஃப்' தொகுப்பி ஆர்ம் 7ஆம் பதிப்புக்கானது. 2012இல் வந்த முதல் ராஸ்பெரி பையின் செயலியோ 6ஆம் பதிப்பு. தொகுப்பு பிழையின்றி முடியும். கருவியில் ஓட்டினால் 'தவறான கட்டளை' என்று நின்றுவிடும்.

சி நூலகமும் அப்படித்தான். பழைய ஜிலிப்சியோடு இணைத்த நிரல் பொதுவாகப் புதியதில் ஓடும். புதியதோடு இணைத்தது பழையதில் ஓடும் என்ற உறுதியில்லை.

எனவே தொகுப்பியைத் தேடுமுன் கருவியைக் கேளுங்கள். 'யூநேம் -எம்' செயலியின் வகையைச் சொல்லும். 'எல்டிடி --வெர்ஷன்' நூலகப் பதிப்பைச் சொல்லும். அந்த இரண்டு விடைகளுக்கும் பொருந்தும் தொகுப்பியே உங்களுக்கானது.