நோட்டீசில் இல்லாத பேர்

எங்கள் அரிமளம் பக்கத்தில் திருவிழா வருகிறதென்றால் முதலில் வருவது நோட்டீஸ்தான். ரோஸ் தாளிலோ மஞ்சள் தாளிலோ அடித்து, டீக்கடைத் தூண் தொடங்கி பஸ் ஸ்டாப் சுவர் வரைக்கும் ஒட்டிவிடுவார்கள். மண்டகப்படிக்காரர், நாதஸ்வரம், தவில், ராத்திரி நாடகத்துக்கு ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஆளாளுக்குப் பேரும் ஊரும் பட்டமும் போட்டிருக்கும். மைக்செட்காரர் பேர்கூட விடுபடாது. சாமிக்கு முன்னால் தெருத்தெருவாகப் பறையடித்துக்கொண்டு போன எங்கள் பெரியப்பா பேர் மட்டும் ஒரு வருசமும் அதில் வந்ததில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த வயசில் அவரிடமே கேட்டேன். "ஒங்க பேரு எங்க பெரியப்பா?" வைக்கோல் தீயில் பறையைக் காய்ச்சிக்கொண்டே சொன்னார்: "நமக்கெதுக்குடா பேரு? அடிச்சா நாலு ஊருக்குக் கேக்குதுல்ல, அது போதும்."

அது போதாது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தனிச் சமஸ்தானம். அந்தச் சமஸ்தானத்தின் இசைப் பெருமையைப் பேசுகிறவர்கள் கஞ்சிரா மான்பூண்டியா பிள்ளையையும் அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளையையும் சொல்வார்கள். நாடக இசை ஆய்வுக்கு எங்கள் ஊரையே பேரில் வைத்திருக்கிற அரிமளம் சு. பத்மநாபனைச் சொல்வார்கள். இந்தப் புகழில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் நாங்கள் படித்த வரலாற்றில், எங்கள் காதுக்கு எட்டிய பேச்சில், ஒரு பறைக் கலைஞனின் பேரும் இல்லை. சத்தம் வேண்டும், ஆள் வேண்டாம். இது நம்ம ஊருக்கு மட்டும் உரிய கொடுமையா? இல்லை. கடல் தாண்டி இதே கொடுமையை அனுபவித்த ஒரு சனம் அதற்கு ஒரு வழி கண்டது. அந்த வழியை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1

அமெரிக்காவின் டெக்சஸ் 1836 வரை மெக்சிகோவின் பகுதி. 1845இல் அது அமெரிக்காவோடு சேர்க்கப்பட்டது. ஸ்பானிய மொழி பேசிய சனங்கள் இருந்த இடத்திலேயே அந்நியர் ஆனார்கள். நிலம் வெள்ளைக்காரர் கைக்குப் போக, பருத்திக் காட்டிலும் காய்கறித் தோட்டத்திலும் கூலிகளானார்கள். பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம். உணவு விடுதி வாசலில் மெக்சிகர் உள்ளே வரக்கூடாது என்று போர்டு. இரட்டைக் குவளை பார்த்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

இந்தக் கூலிசனங்களின் இசைக்குக் கொன்ஹுந்தோ என்று பேர். பொத்தான் வைத்த அக்கார்டியனும், பன்னிரண்டு கம்பி போட்ட பஹோ செக்ஸ்தோ என்கிற கித்தாரும்தான் அதன் அடிப்படை. அக்கார்டியன் ஜெர்மன், செக் குடியேறிகள் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தது. அதைத் தங்கள் கருவியாக மாற்றியவர்கள் இந்தச் சனங்கள். அவர்களில் முக்கியமானவர் நார்சிசோ மார்ட்டினெஸ். 1911இல் பிறந்தவர், வயல்கூலி. அக்கார்டியனின் இடதுகைப் பொத்தான்களை அவர் கிட்டத்தட்ட விட்டுவிட்டார். அடிநாதத்தைக் கூட்டாளி சாந்தியாகோ அல்மேய்தாவின் பஹோ செக்ஸ்தோவிடம் ஒப்படைத்துவிட்டு, வலதுகை விரல்களைப் பறக்கவிட்டார். கொன்ஹுந்தோவுக்கு ஒரு தனி முகம் வந்தது அப்படித்தான். 1930களின் நடுவில் ப்ளூபேர்ட் கம்பெனி அவர் வாசிப்பைத் தட்டில் பதிந்தது.

அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. அந்தக் கம்பெனி அவருடைய சில தட்டுகளை லூசியானாப் பக்கத்துப் பிரெஞ்சு பேசும் சனங்களுக்கு 'லூசியானா பீட்' என்ற பேரிலும், போலந்துக்காரர்களுக்குப் 'போல்ஸ்கி க்வார்தெத்' என்ற பேரிலும் விற்றது. வாசித்த விரல் ஒருத்தனுடையது, உறையில் போட்ட பேர் இல்லாத ஆளுடையது. பெரியப்பாவின் நோட்டீஸ் கதைதான் இது. இத்தனை தட்டு போட்ட மனுசன் பிழைப்புக்கு லாரி ஓட்டினார், வயலில் வேலை பார்த்தார், மிருகக்காட்சிசாலையிலும் வேலை பார்த்தார்.

2

பேரை வெள்ளைக்காரக் கம்பெனி மட்டும் மறைக்கவில்லை. சொந்தச் சனத்திலேயே கொஞ்சம் படித்து மேலே வந்தவர்கள் கொன்ஹுந்தோ என்றால் சாராயக்கடை இசை என்று முகம் சுளித்தார்கள். அவர்களுக்கு ஒர்க்கெஸ்தா என்கிற பெரிய வாத்தியக்குழு. கூலிக்காரனுக்குக் கொன்ஹுந்தோ, நடுத்தர வர்க்கத்துக்கு ஒர்க்கெஸ்தா என்ற இந்தப் பிளவைத்தான் மானுவல் பெஞ்யா 1985இல் வெளியான தன் ஆய்வில் விரித்து எழுதினார். அந்தப் பள்ளத்தாக்கிலேயே 1942இல் பிறந்து வயல்வேலை பார்த்த கிளோரியா அன்சால்துவா, 1987இல் வந்த தன் நூலில், இந்த இசையைக் கேட்கும்போது காலும் தாளம் போடும், கேட்பதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற வெட்கமும் வரும் என்ற பொருளில் எழுதுகிறார்.

இதை நாம் மறைக்காமல் பேச வேண்டும். காலேஜில் படித்தபோது பெரியப்பா பறையோடு பஸ்ஸில் ஏறினால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறேன். அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி பின்சீட்டுக்குப் போய்விட்டார். அந்த வெட்கம் எனக்குள் எப்படி வந்தது, யார் வைத்தது என்பதுதான் கேள்வி.

சான் அந்தோனியோ நகரத்தின் மேற்குப் பகுதி மெக்சிகக் கூலிகள் குடியிருந்த சேரி. 1938இல் எம்மா தெனயூக்கா என்ற இளம்பெண் முன்னே நிற்க, கொட்டை உடைக்கும் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்த இடம் அது. 1980இல் அங்கே குவாதலூப்பே பண்பாட்டுக் கலை மையம் உருவானது. 1942இல் கட்டி, பின்னால் மூடிக் கிடந்த ஒரு சினிமாக் கொட்டகையைப் புதுப்பித்து 1984இல் தங்கள் அரங்காகத் திறந்தார்கள். நாடகம், ஓவியம், நடனம், கவிதை வாசிப்பு, புத்தகக் கண்காட்சி எல்லாம் ஒரே வளாகத்துக்கு வந்தன. பின்னால் உலகம் அறிந்த எழுத்தாளரான சாந்திரா சிஸ்னெரோஸ் 1980களின் நடுவில் அங்கே இலக்கியப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். வாலேரியோ லோங்கோரியா என்ற மூத்த கலைஞர் 1981 முதல் தெருப் பிள்ளைகளுக்கு அக்கார்டியன் கற்றுக்கொடுத்தார். 1982இல் ஹுவான் தெஹேதா முயற்சியில் கொன்ஹுந்தோ விழா தொடங்கியது. அந்த வருசமே மூத்த கலைஞர்களைப் பேர் சொல்லி அழைத்துக் கௌரவிக்கும் வழக்கமும் தொடங்கியது.

1983இல் அமெரிக்க அரசு மார்ட்டினெசுக்கு நாட்டுப்புறக் கலைக்கான தேசிய விருது கொடுத்தது. அதைவிடப் பெரிது, அவர் வாழ்ந்த சான் பெனித்தோவில் 1990களின் தொடக்கத்தில் ஒரு கலை மையம் அவர் பேரிலேயே எழுந்ததுதான். 1992இல் அவர் செத்தார். 'லூசியானா பீட்' மறைந்தான், நார்சிசோ மார்ட்டினெஸ் சுவரில் நின்றார்.

3

இந்த உதாரணத்தை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. அவர்களுக்கு அக்கார்டியன் வாசிப்பது சாதிக் கடமை அல்ல. வாசிக்க மாட்டேன் என்றால் யாரும் வீட்டைக் கொளுத்தப் போவதில்லை. இங்கே பறை நம் தோளில் ஏற்றப்பட்ட அடிமைத்தொழில். சாவு விழுந்தால் வந்து அடிக்க வேண்டும், மறுத்தால் உதை. அதனால்தான் பல ஊர்களில் நம் சனங்கள் பறையைத் தூக்கி எறிந்தார்கள். அது தோல்வி அல்ல, கலகம். "கலை அழிகிறதே" என்று அப்போது கண்ணீர் விட்ட பெரியமனிதர்கள் ஒருவரும் தங்கள் பிள்ளை கையில் பறையைக் கொடுத்ததில்லை.

சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை இருந்தால்தான் மேடையில் அடிப்பது கலை. அந்த உரிமை இல்லாத இடத்தில் மேடை என்பது இன்னொரு தெருமுனை.

இழிவைத் திருப்பி அடிக்கிற வழியையும் நாம் யாரிடமிருந்தும் கடன் வாங்கவில்லை. வசவாக இருந்த 'சிகானோ' என்ற சொல்லை டெக்சஸ், கலிபோர்னியா இளைஞர்கள் 1960களில் கொடியாக்கினார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893லேயே தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பேர் வைத்துவிட்டார்.

1990களில் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் தலித் கலை விழாக்களை நடத்தியது. 'பரட்டை' என்று அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு அங்கே நம்ம சனங்களின் மெட்டில் பாட்டுக் கட்டினார். கே.ஏ. குணசேகரன் தன்னானே குழுவோடு ஊர் ஊராகப் பாடினார், 'பலி ஆடுகள்' நாடகம் எழுதினார். 1990இல் திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். ஆண்கள் மட்டுமே அடித்து வந்த கருவி அது. 2018இல் நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் வானம் கலைத் திருவிழாவை நடத்தியது. 2025இல் மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

விருது வந்துவிட்டது, இனி என்ன குறை என்று கேட்கலாம். 2020 ஜனவரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மிருதங்கம் செய்யும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய நூலை வெளியிட அரங்கம் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா, பிறகு அனுமதியை விலக்கிக்கொண்டது. மாட்டுத்தோல் போர்த்திய மிருதங்கம் அந்த வளாகத்தில் ஒலிக்கலாம். அதைச் செய்த கைகளின் பேரைச் சொல்லும் புத்தகத்துக்கு இடமில்லை. அடுத்தவன் அரங்கத்தில் நம் பேர் அவன் தயவில்தான் நிற்கும்.

4

ஆகவே கேள்வி மேடை பற்றியது மட்டும் அல்ல, கூரை பற்றியது. ஒரு நாள் விழா முடிந்தால் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். கட்டடம் நின்றால் அடுத்த வாரமும் பிள்ளைகள் வருவார்கள்.

எங்கள் பக்கத்துக் காலனிகளில் சமுதாயக் கூடங்கள் இருக்கின்றன. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் திறக்கிறார்கள். மற்ற நாளில் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பறைப் பயிற்சி, ஒரு மணி நேரம் படிப்பு: அம்பேத்கர், அயோத்திதாசர், நம்ம எழுத்தாளர்கள். சுவரில் நம் ஊர்க் கலைஞர்களின் பேர்ப்பட்டியல், செத்தவர்களும் சேர்த்து. பெண்பிள்ளைகளுக்கும் அடிக்குச்சி. பறை வேண்டாம் என்கிற பிள்ளைக்குப் புத்தகம். இதற்குக் கோடிகள் தேவையில்லை. சாவி நம் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாவியைக் கேட்டுப் போனோம். "எதுக்கு, சத்தம் போடவா?" என்றார் பொறுப்பில் இருந்தவர். ஆமாம், சத்தம் போடத்தான். இந்தத் தடவை பேரோடு.