வெள்ளம் காக்கும் அணையும் அதன் வெற்றிடமும்

வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஜொகூர் மாநிலத்து ஆறுகள் கரைபுரளுதல் புதிதன்று. எனினும் 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த இரு பெருவெள்ளங்களைச் சிகாமட் மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். மாநிலமெங்கும் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடு துறந்து துயர்துடைப்பு நிலையங்களில் தங்க நேர்ந்தது. 2011 ஜனவரி இறுதியிலும் 2023 மார்ச்சிலும் வெள்ளம் மீண்டும் வந்தது.

சிகாமட்டுக்குத் தெற்கே, பெக்கோக் ஆற்றின்மீது, வெள்ளத்தடுப்புக்கென்றே எழுந்த அணையொன்று உண்டு. அவ்வாறிருக்க நகரம் நீரில் மூழ்கியது ஏன்? அணையைக் காணச் செல்லும் மாணவர் குழுவின் உள்ளத்தில் எழவேண்டிய முதல் வினா இதுவே.

விடை நில அமைப்பில் இருக்கிறது. சிகாமட் நகரைத் தொட்டோடும் ஆறு மூவார் ஆற்றோடு கலப்பது. பெக்கோக் ஆறோ பத்து பகாட் பக்கம் செல்வது. ஓர் அணை, தான் நிற்கும் ஆற்றின் கீழ்ப்புறத்தையே காக்கும். பக்கத்து ஆற்றை அதனால் ஒன்றும் செய்ய இயலாது.

அணை எழுந்த வரலாறு

1971 ஜனவரியில் கோலாலம்பூரை மூழ்கடித்த வெள்ளமே மலேசிய நாட்டை விழிப்புறச் செய்தது எனலாம். அவ்வாண்டின் இறுதியில் நிலையான வெள்ளக் கட்டுப்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. 1932இல் தோன்றிய பாசன வடிகால் துறை, அதுவரை வயலுக்கு நீர் கொணர்வதையே தலையாய பணியாகக் கொண்டிருந்தது. இனி ஊரைவிட்டு நீரை அகற்றுவதும் அதன் கடமையாயிற்று.

மேற்கு ஜொகூரின் கடலோரம் தாழ்ந்த நிலம். ரப்பரும் செம்பனையும் தென்னையும் விளையும் அம்மண்ணில் நீர் தேங்கினால் பயிர் அழுகும். தோட்டத்துப் பாதைகள் மறையும். ஆகவே 1974இல் உலக வங்கியின் கடனுதவியோடு மேற்கு ஜொகூர் வேளாண் வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. அம்முயற்சியின் வழிவந்தவையே மச்சாப், செம்புரோங், பெக்கோக் அணைகள். செம்புரோங் 1984இலும் பெக்கோக் 1990இலும் நிறைவுற்றன.

காலி இடமே காப்பு

பாசன ஏரி நிறைந்திருந்தால் உழவன் மகிழ்வான். வெள்ளத்தடுப்பு அணையின் இயல்பு இதற்கு நேர்மாறானது. மழைக்கு முன் அதில் எவ்வளவு இடம் காலியாக உள்ளதோ அவ்வளவே அதன் வலிமை. ஓரிரவில் பாயவேண்டிய நீரை வாங்கி வைத்துப் பல நாள்களுக்குப் பகுத்து விடுவதே அதன் தொழில். முன்பே நிரம்பிய அணை, வந்த நீரைக் கலிங்கு வழியே அப்படியே கீழே தள்ளுவதன்றி வேறென் செய்யும்?

இவ்வுண்மையைத் தூய வடிவில் காட்டியவர்கள் அமெரிக்க நாட்டு ஒகாயோ மாநிலத்தார். 1913 மார்ச்சில் மயாமி ஆறு டேட்டன் நகரை அழித்தது. அப்பள்ளத்தாக்கில் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஊர்மக்களே இருபது இலட்சம் டாலருக்கு மேல் திரட்டினர். ஆர்தர் மார்கன் என்னும் பொறியாளர் 1922க்குள் ஐந்து அணைகளைக் கட்டி முடித்தார். அவற்றின் அடித்திறப்புகளுக்குக் கதவே இல்லை. எந்நாளும் திறந்தே கிடக்கும். மழையற்ற நாள்களில் அணைக்குப் பின்னே பயிர்த்தொழில் நடைபெறும். வெள்ளம் வரும்போது மட்டும் நீர் தானே தேங்கித் தானே வடியும். நூறாண்டு கடந்தும் அவை டேட்டனைக் காத்து நிற்கின்றன.

இதற்கு மாறான பாடம் தமிழகத்தில் கிடைத்தது. சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. 2015 டிசம்பர் முதல் நாள் பெருமழையில், ஏறத்தாழ முழுமையாய் நிரம்பியிருந்த அவ்வேரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் விடப்பட்டது; கரையோரக் குடியிருப்புகள் நீரில் ஆழ்ந்தன. நீர் திறந்த முறையை அரசின் தணிக்கை அறிக்கை பின்னர்க் குறை கூறிற்று. குடிநீருக்காக நிறைத்து வைத்தலும் வெள்ளத்துக்காகக் காலியாய் வைத்தலும் ஒரே ஏரியில் மோதும்போது விளையும் இடர் இதுவே. பெக்கோக், செம்புரோங் அணைகளும் இன்று குடிநீருக்குப் பயன்படுவன. ஆதலால் இம்மோதல் அங்கும் உண்டு.

காணச் செல்வோர் கருதவேண்டியவை

அணைக்குச் செல்லும் குழுவினர் பெரும்பாலும் விரிந்த நீர்ப்பரப்பைக் கண்டு வியந்து, படம் பிடித்துக்கொண்டு திரும்புவர். வழிகாட்டி அலுவலரிடம் மூன்று வினாக்கள் கேட்டல் நன்று. நீரளவுக் கோல் இன்று காட்டும் மட்டம் யாது? கலிங்கின் முகட்டுக்கும் அதற்கும் இடைவெளி எவ்வளவு? நீர் விடுமுன் கீழ்ப்புறத்தார்க்கு எச்சரிக்கை எவ்வாறு செல்கிறது?

மூன்றாவது வினாவே உயிர்நாடி. அணை இருக்கிறதென்னும் நம்பிக்கையில் தாழ்நிலத்தில் வீடுகள் பெருகினால், அடுத்த வெள்ளத்தின் இழப்பும் பெருகும். அணை வெள்ளத்தைக் குறைக்குமேயன்றி ஒழிக்காது. மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், நீர்ப்பரப்பின் அழகைக் காட்டியபின், கரைக்கும் நீருக்கும் இடையேயுள்ள அவ்வெற்றிடத்தையும் சுட்டிக்காட்டுதல் வேண்டும். கீழ்ப்புறத்து ஊர்களின் உறக்கம் அவ்விடத்தைப் பொறுத்தே அமைகிறது.