மண்சுவரும் தீயின் கணக்கும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் பழைய குடிமனைகள் பல மண்ணாலும் வைக்கோலாலும் எழுந்தவை. களிமண்ணிலே வைக்கோலைக் கலந்து மிதித்துச் சுவர் வைத்தனர். கிடுகினாலோ வைக்கோலாலோ கூரை வேய்ந்தனர். அடுப்புப் பொறியொன்று கூரையிற் பற்றினால் அது விரைவிற் சாம்பலாகும். அதே வைக்கோல் சுவருக்குள் இருந்தாலோ எளிதில் எரிவதில்லை. களிமண் அதற்குக் காற்றைத் தடுக்கிறது. சுவரிலுள்ள ஈரம் ஆவியாகி முடியும்வரை உட்பாகம் 100 பாகை செல்சியசைத் தாண்டுவதும் அரிது.

முல்லைத்தீவுக் கடற்கரையிலே நிற்கும் கண்ணாடிநார்ப் படகு இதற்கு நேர்மாறானது. அங்கே நார் எரியாது. அதனைப் பிணைத்திருக்கும் பிசினே எரியும். ஆகவே, ஒரு கூட்டுப்பொருள் தீயிலே எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை அதன் உறுப்புகளைத் தனித்தனியே நோக்கி முடிவு செய்தல் இயலாது. முழுப்பொருளையும் அளந்தே அறிதல் வேண்டும்.

இவ்வளவைக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரான்சு தேசத்துப் பூரியே, 1822இல் வெப்பக் கடத்தலைக் கணித விதியாக்கினார். அரிதிற் கடத்திகளை மெல்லிய வட்டுகளாக்கி அளக்கும் முறையை இங்கிலாந்தின் லீஸ் 1898இல் வெளியிட்டார். ஆயினும் வெப்பக் கடத்துதிறன், தன்வெப்பக் கொள்ளளவு, அடர்த்தி ஆகியன மட்டும் தீயை விளக்கப் போதுமானவை அல்ல. எரியும்போது வெளிப்படும் வெப்பமும் தெரிதல் வேண்டும். எரிதலில் ஒரு கிலோகிராம் ஒட்சிசன் செலவானால், பெரும்பாலான பொருள்களில் ஏறத்தாழ 13.1 மெகாயூல் வெப்பம் பிறக்கும் என 1980இல் அமெரிக்காவின் ஹகெற் காட்டினார். அதனை அடிப்படையாகக் கொண்டு பப்ரௌஸ்கஸ் 1982இல் கூம்புக் கலோரிமானியை அமைத்தார். இத்தகைய அளவீடுகளைக் கொண்டே, ஓர் அறையில் தீ பரவும் விதத்தை இன்று கணினி முன்கூட்டிக் கணிக்கிறது. சாதாரண வெப்பநிலையிற் பெற்ற எண்கள் சுவாலையின் நடுவே பொருந்தா. வெப்பம் ஏற ஏற அவையும் மாறும். இதனை மறந்த கணிப்பு உயிருக்கு ஆபத்தாகும்.

போர் 2009இல் முடிந்தபின் இம்மண்ணில் வீடுகள் மீண்டும் எழுந்தன. வடக்கு கிழக்கிற்கென முன்வைக்கப்பட்ட 65,000 உருக்குப் பொருத்து வீடுகள் பற்றி 2016ஆம் ஆண்டளவிற் பெருவிவாதம் மூண்டது. வன்னி வெயிலுக்கு அவை ஏற்றனவா என்பதும் எழுந்த வினாக்களுள் ஒன்று. உருக்கு வெப்பத்தை விரைந்து கடத்தும்; 600 பாகையளவில் தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழக்கும். மண்சுவரோ வெப்பத்தை மெல்லக் கடத்தும். ஆனால் மாரி மழையிற் கரையும். எனவே பழமை, புதுமை என்ற பெயர்கள் இங்கே தீர்ப்பாகா.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014 முதல் இயங்கி வருகிறது. வன்னியின் மண்ணையும் ஓலையையும், புதிதாக வந்துசேரும் தகடுகளையும் வன்னியிலேயே அளந்தறியும் வாய்ப்பு இதனால் அருகில் வந்துள்ளது. பிறநாட்டுக் குளிருக்கென வகுத்த எண்ணை நம்பி இங்கே வீடு கட்டினால், அதன் பிழையைச் சுமப்பவர் அக்கூரையின்கீழ் உறங்கும் குடும்பத்தினரே.