கருப்பட்டி எப்படிக் கொழுப்பாகிறது? உடன்குடியில் தொடங்கும் ஒரு நீண்ட கதை

1/
"டாக்டர், நெய் கிடையாது, கறி கிடையாது, பொரிச்சது எதுவும் தொடுறதில்லை. சீனியையும் விட்டாச்சு, உடன்குடி கருப்பட்டிதான். அப்புறம் எப்படி கல்லீரல்ல கொழுப்பு?" ஸ்கேன் ரிப்போர்ட்டோட வர்ற நிறைய பேர் இதைக் கேக்குறாங்க. ரொம்ப நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்கு அறிவியல் முழு விடை சொல்ல நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த வரலாறுதான் இந்த த்ரெட்.

2/
முதல்ல ஊர். தூத்துக்குடி மாவட்டத்தோட தென்பகுதி, திருச்செந்தூருக்குத் தெற்கே உடன்குடி. ஒரு பக்கம் முத்துக்குளித்துறைக் கடற்கரை, மறுபக்கம் செம்மணல் தேரி. நெல் விளையாத அந்த மணல்ல பனை விளைஞ்சுது. புவிசார் குறியீடு வாங்குற அளவுக்கு உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் பேர் வந்தது அந்த மண்ணாலயும் பனையேறிகளோட உழைப்பாலயும்தான்.

3/
பாளையைச் சீவி, கலயம் கட்டி, வடியுற சாறைச் சேகரிக்கிறாங்க. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவினா அது பதனீர். தடவலைன்னா காத்துல இருக்குற ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு, கொஞ்ச நேரத்துல கள்ளு. பதனீரை விடிலியில வச்சுக் காய்ச்சி, பாகு பதத்துல சிரட்டையில ஊத்தினா கருப்பட்டி.

4/
அதாவது ஒரே சாறுக்கு மூணு வழி. ஈஸ்ட் கையில போனா சாராயச்சத்து. அடுப்புல போனா கருப்பட்டி. நம்ம கல்லீரல்ல, தேவைக்கு மேல போனா? கொழுப்பு. முதல் ரெண்டும் கண்ணுக்குத் தெரியும். மூணாவது உடம்புக்குள்ள நடக்குறதால அதை நம்பவே மனுஷனுக்கு ரொம்ப நாளாச்சு.

5/
கருப்பட்டியில என்ன இருக்கு? பெரும்பகுதி சுக்ரோஸ். சீனியில இருக்குற அதே மூலக்கூறு: பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். கூடவே கொஞ்சம் தாதுக்கள், நிறம், அந்த மணம். கொழுப்புன்னு சொல்ற அளவுக்கு எதுவும் இல்லை. இதை மனசுல வச்சுக்கோங்க.

6/
இப்ப பிரான்ஸ். 1811 வாக்குல மிஷேல் ஷெவ்ரல்னு ஒரு வேதியியலாளர் சோப்பை ஆராய ஆரம்பிச்சார். கொழுப்பை உடைச்சா கிளிசரினும் சில அமிலங்களும் கிடைக்குதுன்னு கண்டுபிடிச்சு, 1823-ல புத்தகமா வெளியிட்டார். கொழுப்பு அமிலங்கள் என்ற வகையே அங்கிருந்துதான் வருது. (மனுஷன் 102 வயசு வரைக்கும் இருந்தார்.)

7/
1840-ல எட்மோன் ஃப்ரெமி எண்ணெய்ப்பனையோட எண்ணெய்ல இருந்து ஒரு கொழுப்பு அமிலத்தைப் பிரிச்சார். 16 கார்பன் கொண்ட நேரான சங்கிலி. பனையில கிடைச்சதால பேரு பால்மிடிக் அமிலம். எண்ணெய்ப்பனை ஆப்பிரிக்க மரம், நம்ம பனை வேற. ஆனா ரெண்டும் ஒரே குடும்பம். இந்த 16 கார்பன் ஆள்தான் நம்ம கதையோட நாயகன். நம்ம கல்லீரல் சர்க்கரையில இருந்து முதல்ல செய்றதும் இவரைத்தான்.

8/
ஆனா அன்னைக்கு அப்படிச் சொன்னா சிரிச்சிருப்பாங்க. 1841-ல பாரிஸ்ல டூமாவும் பூசங்கோவும் ஒரு அழகான கோட்பாட்டை முன்வைச்சாங்க: தாவரம் உருவாக்கும், விலங்கு எரிக்கும். சர்க்கரை, புரதம், கொழுப்பு எல்லாத்தையும் செய்யுறது செடிகொடிதான். விலங்கு அதைத் தின்னு அப்படியே எடுத்துக்கும். உடம்புல கொழுப்பு இருந்தா அது சாப்பிட்ட கொழுப்பு.

9/
இன்னைக்கும் நம்மில் பாதி பேரோட நம்பிக்கை இதுதானே? "கொழுப்பு சாப்பிட்டாத்தான் கொழுப்பு சேரும்." 1841-ம் வருஷக் கோட்பாடு, இன்னும் நம்ம சமையலறையில உயிரோட இருக்கு.

10/
ஜெர்மனியில யுஸ்டுஸ் லீபிக் இதை ஒத்துக்கலை. 1842-ல அவர் எடுத்து வச்ச சாட்சி ஒரு வாத்து. நாலு பவுண்டு எடையுள்ள மெலிஞ்ச வாத்துக்கு 36 நாள்ல 24 பவுண்டு மக்காச்சோளம் கொடுத்தா, அதுல இருந்து மூன்றரை பவுண்டு கொழுப்பு எடுக்கலாம். மக்காச்சோளத்துல எண்ணெய் நூத்துக்கு நாலு அஞ்சு பங்குதான். கணக்குப் போட்டா ஒரு பவுண்டைச் சுத்தித்தான் வரும். மீதி எங்கிருந்து வந்துச்சு? மாவுச்சத்துல இருந்துன்னார் லீபிக்.

11/
இன்னொரு சாட்சி ஏற்கெனவே தயாரா இருந்தது: தேனீ. ஜெனீவாவுல ஃபிரான்சுவா ஹூபர் கண் பார்வை இழந்தவர். உதவியாளர்களோட கண்ணை வச்சு தேனீ ஆராய்ச்சி செஞ்சார். அடைச்சு வச்ச தேனீக்களுக்குச் சர்க்கரை மட்டும் கொடுத்தார். அவை மெழுகு கட்டின. தேன்மெழுகுல முக்கியமான பொருள் என்ன தெரியுமா? பால்மிடிக் அமிலத்தோட எஸ்டர். அதே 16 கார்பன் ஆள்!

12/
பனங்காட்டுல பதனீர்க் கலயத்தை மொய்க்கிற தேனீயைப் பார்த்தவங்களுக்கு இது புரியும். அது குடிக்கிறது சர்க்கரைத் தண்ணி. வயித்துக்கு அடியில சுரக்குறது மெழுகு. நடுவுல அந்தச் சின்ன உடம்புக்குள்ள ஒரு தொழிற்சாலை ஓடுது.

13/
1843-ல டூமாவே, மில்ன் எட்வர்ட்ஸ் கூடச் சேர்ந்து, தேனீ சோதனையைத் திரும்பச் செஞ்சு பார்த்தார். ஹூபர் சொன்னதுதான் சரி. பூசங்கோ தன்னோட பண்ணையில பன்றிகளையும் வாத்துகளையும் வளர்த்து, எடை போட்டு, 1845-ல முடிவை வெளியிட்டார்: விலங்கு மாவுச்சத்துல இருந்து கொழுப்பு செய்யுது. தன் கோட்பாட்டுக்கு எதிரான முடிவைத் தானே அச்சுல போட்ட மனுஷன். எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இது.

14/
"செய்யுது" சரி. "எப்படி" செய்யுது? அதுக்கு இன்னொரு நூறு வருஷம். ஒரு துப்பு மட்டும் கிடைச்சது: இயற்கையில கிடைக்கிற கொழுப்பு அமிலங்கள் கிட்டத்தட்ட எல்லாமே இரட்டைப்படைக் கார்பன். 12, 14, 16, 18. 1904-ல ஜெர்மனியில ஃபிரான்ஸ் க்னூப் நாய்கள்ல சோதனை செஞ்சு, உடம்பு கொழுப்பு அமிலத்தை ரெண்டு ரெண்டு கார்பனா வெட்டி எரிக்குதுன்னு காட்டினார். ரெண்டு ரெண்டா வெட்டுதுன்னா, ரெண்டு ரெண்டாத்தான் கோத்திருக்கணும்.

15/
அடுத்த திருப்பம் அரசியலால வந்தது. 1933-ல ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ருடால்ஃப் ஷோன்ஹைமர்ங்கிற யூத மருத்துவர் ஜெர்மனியை விட்டு நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கேதான் ரெண்டு வருஷம் முன்னாடி யூரே கன ஹைட்ரஜனைக் கண்டுபிடிச்சிருந்தார். ஷோன்ஹைமரும் ரிட்டன்பெர்க்கும் அதை ஒரு அடையாள மையா பயன்படுத்தினாங்க. எலிக்கு கனநீர் கொடுத்தா, எலியோட கொழுப்பு அமிலத்துக்குள்ள கன ஹைட்ரஜன்!

16/
இதுல ரெண்டு விஷயம் தெரிஞ்சுது. ஒண்ணு, உடம்பு கொழுப்பைப் புதுசா செஞ்சுகிட்டே இருக்கு. ரெண்டு, இடுப்புல இருக்குற கொழுப்பு பத்தாயத்துல போட்ட நெல்லு மாதிரி சும்மா கிடக்கிறதில்லை. தினமும் கொஞ்சம் போகுது, கொஞ்சம் வருது.

17/
அதே ஆய்வுக்கூடத்துக்கு வந்த இன்னொரு அகதி கான்ராட் ப்ளாக். 1940-களின் நடுவுல அவரும் ரிட்டன்பெர்க்கும் அடையாளமிட்ட அசிட்டிக் அமிலத்தைக் கொடுத்துப் பார்த்தாங்க. அசிட்டிக் அமிலம்னா வினிகர்ல இருக்குறது, ரெண்டு கார்பன். அது கொழுப்பு அமிலச் சங்கிலி நெடுக இருந்தது. செங்கல் கிடைச்சாச்சு.

18/
ஆனா வெறும் அசிட்டிக் அமிலம் சோம்பேறி மூலக்கூறு. அதை உசுப்பிவிட ஒரு கைப்பிடி வேணும். 1951-ல மியூனிக்ல ஃபியோடர் லைனென் அந்தக் கைப்பிடியோட சேர்ந்த வடிவத்தைப் பிரிச்சார்: அசிட்டைல் கோ-ஏ. எதுல இருந்து பிரிச்சார்? ஈஸ்ட்ல இருந்து. நம்ம கள்ளுக் கலயத்துல வேலை செய்யுற அதே இனம்.

19/
இங்க நம்ம ஆள் ஒருத்தர் வர்றார். அந்தக் கைப்பிடியோட (கோ-ஏ) உள்ளே இருக்குறது பேன்டோதெனிக் அமிலம்னு ஒரு பி வைட்டமின். 1930-களின் இறுதியில ஹார்வர்டுல அதை ஆராய்ஞ்சவங்கள்ல ஒருத்தர் எல்லாப்பிரகட சுப்பாராவ். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் மாணவர். படிக்கும்போது கதர் அங்கி போட்டதால அறுவைசிகிச்சைப் பேராசிரியரோட கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ்.க்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழோட வெளிய வந்தவர். ஏ.டி.பி. மூலக்கூறைக் கண்டுபிடிச்சவங்கள்லயும் அவர் பேர் உண்டு. கொழுப்பு அமிலம் செய்ய இந்த ரெண்டும் இல்லாம முடியாது.

20/
கடைசி முடிச்சை அவிழ்த்தவர் ஈராக்ல கர்பலாவில் பிறந்த சாலிஹ் வகில். 1958-ல அமெரிக்காவுல விஸ்கான்சின்ல அவர் கண்டது ஒரு விசித்திரம். பைகார்பனேட் இல்லாம கொழுப்பு அமிலம் உருவாகலை. ஆனா அந்தக் கார்பன் கடைசிப் பொருள்ல இல்லவே இல்லை! அப்ப அது எதுக்கு?

21/
விடை: ரெண்டு கார்பன் அசிட்டைல் மேல ஒரு கார்பனை ஒட்டி மூணு கார்பன் மலோனைலா மாத்துது உடம்பு. சங்கிலியில சேரும்போது அந்த மூணாவது கார்பன் கார்பன் டை ஆக்சைடா கழண்டு போகும். அது கழண்டு போற வேகம்தான் இணைப்பை முன்னாடி தள்ளுது. கட்டடம் எழும்பினதும் சாரத்தைப் பிரிக்கிற மாதிரி. ஒரு அசிட்டைல், ஏழு மலோனைல், ஏழு சுற்று. 16 கார்பன். பால்மிடிக் அமிலம் ரெடி.

22/
1964-ல ப்ளாக், லைனென் ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு. வகிலுக்கு இல்லை. ஆனா கொழுப்பு உற்பத்தியோட ரெகுலேட்டர் அவர் கண்ட அந்தப் படியிலதான் இருக்கு. அசிட்டைலை மலோனைலா மாத்துற நொதியை முடுக்கி விடுறது இன்சுலின்.

23/
1977-ல டல்லஸ்ல மெகாரி, ஃபாஸ்டர் ரெண்டு பேரும் இன்னொண்ணைக் காட்டினாங்க. அதே மலோனைல், கொழுப்பை எரிக்கிற உலைக்குள்ள கொழுப்பு நுழையுற கதவைச் சாத்துது. அதாவது சர்க்கரையும் இன்சுலினும் ஏறியிருக்கும்போது புதுக் கொழுப்பும் உருவாகும், பழைய கொழுப்பும் எரியாது. ஒரே சாவியில ரெண்டு பூட்டு.

24/
இப்ப நம்ம கேள்விக்கு வரலாம். ஒரு பால்மிடிக் அமிலம் செய்ய எட்டு ரெண்டு-கார்பன் துண்டு வேணும். ஒரு குளுக்கோஸ்ல ரெண்டு துண்டு கிடைக்கும். ஆக, குறைஞ்சது நாலு குளுக்கோஸ். அந்தக் குளுக்கோஸ் சோத்துல இருந்து வந்ததா, சீனியில இருந்தா, உடன்குடிக் கருப்பட்டியில இருந்தான்னு நொதி விசாரிக்காது. கருப்பட்டியில பாதி ஃப்ரக்டோஸ் வேற. அதில் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலுமே வாங்கிக்கும்.

25/
அளவு முக்கியம். ஆரோக்கியமான, ஒல்லியான, ஓடியாடுற ஒருத்தர்கிட்ட இந்தத் தொழிற்சாலை ரொம்ப மெதுவாத்தான் ஓடும். ஒரு கப் கருப்பட்டிக் காப்பி யாருக்கும் கல்லீரலைக் கெடுக்காது. ஆனா கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்தவங்ககிட்ட 2005-ல மினசோட்டாவுல அடையாளமிட்டு அளந்தப்போ, அந்தக் கொழுப்புல சுமார் 26 சதவீதம் அங்கேயே புதுசா செஞ்சது. நேரடியா சாப்பிட்ட கொழுப்பு சுமார் 15 சதவீதம்தான். மீதி இடுப்பு, வயிற்றுக் கொழுப்புல இருந்து ரத்தம் வழியா வந்தது.

26/
"எங்க தாத்தா தினமும் கருப்பட்டி தின்னார், பதனீர் குடிச்சார், தொப்பையே கிடையாது"ன்னு சொல்வீங்க. உண்மை. பனையேறிக்குக் காலைச் சாப்பாடே பதனீராத்தான் இருந்தது. ஆனா அவர் நாளுக்கு முப்பது நாப்பது மரம், காலையும் மாலையும் நெஞ்சைத் தேய்ச்சு ஏறி இறங்கினார். சர்க்கரை தசையிலயே எரிஞ்சு போச்சு. கல்லீரல் வரைக்கும் மிச்சம் வரலை. நாம அந்தக் கருப்பட்டியை வாங்கிட்டோம், அந்த மரத்தை ஏறலை.

27/
"ஒரிஜினல் கருப்பட்டிதான் டாக்டர், சீனி கலக்காதது." சீனி கலந்து விக்கிறது பனையேறிகளோட வயித்துல அடிக்கிற வேலை, அதைக் கண்டிப்பா எதிர்க்கணும். நல்ல விலை கொடுத்து அசல் வாங்குங்க. ஆனா அது நியாயமான விலைக்காகவும் ருசிக்காகவும். சர்க்கரை நோயாளியோட கல்லீரலுக்கு அசலும் கலப்படமும் ஏறக்குறைய ஒண்ணுதான். பனங்கற்கண்டும் அப்படியே.

28/
சரி, கொழுப்பையே முழுசா விட்டுட்டா? 1929-ல ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாம பால் புரதமும் சர்க்கரையும் கொடுத்தாங்க. வால்ல செதில், சிறுநீரகப் பாதிப்பு, சாவு. லினோலியிக் அமிலம் கொஞ்சம் சேர்த்ததும் தேறின. நம்ம உடம்பு சர்க்கரையில இருந்து பால்மிடிக் செய்யும், லினோலியிக்கும் ஒமேகா-3 மூலமும் செய்யத் தெரியாது.

29/
அதைச் சாப்பாட்டுல இருந்துதான் வாங்கணும். லினோலியிக் நல்லெண்ணெயில இருக்கு. ஒமேகா-3 வேணும்னா உடன்குடிக்குப் பக்கத்துலயே மணப்பாட்டுக் கடற்கரை, சாளை மீன். சாளை கூட அதைப் பெரும்பாலும் தானா செய்யறதில்லை, கடல்ல மிதக்கிற நுண்பாசியில இருந்து சேர்த்து வச்சது. ஆக, எண்ணெயையும் மீனையும் பயந்து தள்ளிட்டு, கருப்பட்டியைத் தாராளமா சேர்க்கிறது தலைகீழ் வைத்தியம்.

30/
சுருக்கமா:
கொழுப்புக் கல்லீரலோ சர்க்கரை நோயோ இருந்தா, கருப்பட்டியைச் சீனிக் கணக்குலயே எழுதுங்க.
சோத்து அளவைக் குறைங்க, மீன், முட்டை, பயறு கூட்டுங்க.
தினமும் நடங்க. தசை எரிக்கிறதுதான் கல்லீரலுக்கு விடுமுறை.
மாத்திரை எடுக்கிறவங்க உங்க மருத்துவரைக் கேட்டுட்டு மாத்துங்க.

லீபிக் வாத்தை வச்சு 1842-ல சொன்னது இன்னும் நம்ம வீட்டுக்கு வந்து சேரலை. யாருக்காவது உதவும்னா அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, நேரம் கிடைக்கிறப்ப பதில் போடுறேன்.