மியூசிக்கல் தியேட்டர் பட்டம்: எந்தத் துறையில் பிறந்தது?

1943இல் பிராட்வேயில் அரங்கேறிய 'ஓக்லஹோமா!'வில் ஒரு கனவு பாலே வரும். கனவு காண்பவள் கதாநாயகி லாரி. ஆனா அந்தக் கனவில் ஆடினவர் லாரியாக நடித்தவர் இல்லை. அந்தக் கட்டத்துக்கு மட்டும் ஒரு நடனக் கலைஞர் லாரியாக வந்து ஆடினார். பாடுகிறவர் பாடுவார், ஆடுகிறவர் ஆடுவார், அவ்வளவுதான்.

பதினாலே வருஷத்தில் நிலைமை மாறிப்போச்சு. 1957இல் வந்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் ஜெரோம் ராபின்ஸ் தெருச் சண்டையையே நடனமாக்கினார். சண்டை போடும் பையன்களே பாடணும், நடிக்கணும். 1975இல் 'எ கோரஸ் லைன்' பின்வரிசை ஆட்டக்காரர்களையே கதை மாந்தர்கள் ஆக்கியது. மூன்றும் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். அவங்களை யார் தயார் பண்ணுவது?

அமெரிக்காவில் வளர்ந்த உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு இந்தப் படிப்புக்கு இரண்டு இடத்தில் அனுமதி கிடைத்து, எதில் சேர்வது என்று கேட்டாள். எல்லாரும் ரேங்கிங் பார்க்கச் சொன்னார்கள். நான் வரலாற்றைப் பார்த்தேன். அங்கே கிடைத்தது இது: பட்டத்தின் பெயர் ஒன்றுதான், ஆனா அது வெவ்வேறு வாசல் வழியாகக் கல்லூரிக்குள் வந்திருக்கிறது.

ஒன்று, நாடக வாசல். பிட்ஸ்பர்க்கில் இன்று கார்னகி மெலன் என்று அறியப்படும் கல்லூரி 1914இல் நாடகத் துறையைத் தொடங்கியது. அமெரிக்காவில் நாடகத்துக்குப் பட்டம் கொடுத்த முதல் இடம் அது. அங்கே மியூசிக்கல் தியேட்டர் இன்றும் நாடகப் பள்ளிக்குள்தான் இருக்கிறது. நடிப்புதான் அடித்தளம்.

இன்னொன்று, இசை வாசல். சின்சினாட்டியில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து தனித்தனியே இயங்கிய இரண்டு இசைப் பள்ளிகள் 1955இல் இணைந்தன. 1962இல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தன. அங்கே 1968இல் தொடங்கிய மியூசிக்கல் தியேட்டர் படிப்பை நாட்டிலேயே முதல் என்று சொல்கிறார்கள். ஆபரா பாடகர்கள் பயிலும் அதே வளாகம்.

இந்த இரண்டு வாசலும் ஒரே பல்கலைக்கழகத்துக்குள் இருப்பதையும் பார்க்கலாம். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் டிஷ் பள்ளி பி.எஃப்.ஏ. நாடகப் பட்டம் தருகிறது. ஸ்டைன்ஹார்ட் பள்ளி குரலிசையில் இளங்கலை இசைப் பட்டம் தருகிறது. இரண்டிலும் மியூசிக்கல் தியேட்டர் படிக்கலாம். ஆனா இசைப் பட்டம்னா இசைக் கோட்பாடு, காதுப் பயிற்சி எல்லாம் கட்டாயமாகக் கூட வரும். நாடகப் பட்டத்தில் அந்த நேரம் ஸ்டூடியோ நடிப்புக்குப் போகும்.

பி.எஃப்.ஏ., பி.ஏ. வித்தியாசமும் முக்கியம். பி.எஃப்.ஏ. தொழில்முறைப் பட்டம்; ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பாடங்கள் துறைக்குள்ளேயே முடியும். பி.ஏ.வில் அது மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மீதியில் பொருளாதாரமோ உளவியலோ சேர்த்துப் படிக்கலாம். பிராட்வே ஆடிஷனில் பட்டம் கட்டாயம் இல்லை. நாலு வருஷமும் கல்விக் கடனும் கொடுத்து நீங்க வாங்குவது பயிற்சியைத்தான். அதனால் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுப் பார்ப்பது நல்லது.

அப்போ எப்படித் தேர்வு செய்வது? நாலு வருஷப் பாடத்திட்டத்தை எடுத்து வைத்து எண்ணுங்க. வாரத்துக்கு எத்தனை நடன வகுப்பு? குரலுக்குத் தனி ஆசிரியர் உண்டா, வாரம் எத்தனை மணி நேரம்? முதல் வருஷ மாணவர்களை மேடையேற விடுவாங்களா? சில இடங்களில் விட மாட்டார்கள். கடைசி வருஷம் ஏஜென்டுகள் முன்னால் ஷோகேஸ் நடக்குமா?

எண்ணி முடித்தால் அந்தத் துறை எந்த வாசல் வழியாக வந்ததுன்னு தெரிந்துவிடும். நல்ல குரலோடு வருகிற மாணவிக்கு, நடிப்பைச் சொல்லித் தருகிற இடம் அதிகம் கொடுக்கலாம். ஏற்கெனவே இருக்கிற பலத்தை மட்டுமே வளர்க்கிற இடத்தில் சேர்ந்தால், மிச்ச இரண்டையும் படிப்பு முடிந்தபிறகு கைக்காசு போட்டு வெளியே கற்க வேண்டியிருக்கும்.