நடுவில் பிடிக்காத வில்

சாமுராய் படங்களிலோ அனிமேயிலோ ஜப்பானிய வில்லைப் பார்த்திருப்பீர்கள். ஆளை விட உயரம். இன்றைய வழக்கமான நீளம் 221 செ.மீ. ஆனால் கையால் பிடிக்கிற இடம் நடுவில் இல்லை, கீழிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் இருக்கிறது. 'யுமி' எண்டு சொல்லப்படுகிற இந்த வில்லை ஏன் இப்படிச் செய்தார்கள்?

நாங்கள் தேடினபோது அடிக்கடி கிடைத்த பதில், குதிரையில் இருந்து எய்வதற்காக என்பதுதான். கீழ்ப்பகுதி குட்டையாக இருந்தால் குதிரையின் கழுத்துக்கு மேலால் வில்லை மற்றப் பக்கம் திருப்பலாமாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் காலத்தை வைத்துப் பார்த்தால் இது பொருந்தாது.

3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீன வரலாற்றாசிரியர் சென் ஷோ தொகுத்த நூலில், ஜப்பானியத் தீவு மக்களின் மரவில் கீழே குட்டையாகவும் மேலே நீளமாகவும் இருக்கும் என்ற குறிப்பு வருகிறது. அதே பகுதியில், அந்த நாட்டில் குதிரை இல்லை என்றும் எழுதப்பட்டிருக்கிறது. குதிரையேற்றம் அங்கே பரவியது 5ஆம் நூற்றாண்டளவில்தான். வில் முதல், குதிரை பிறகு.

அப்ப உண்மையான காரணம் என்ன? இரண்டு விளக்கங்கள் முக்கியமானவை. முதலாவது, மரம். பழைய வில் ஒரே தடியில் செதுக்கப்பட்டது. வேர்ப்பக்கம் தடிப்பு, நுனிப்பக்கம் மெலிவு. குட்டையான பகுதி கூடுதலாக வளைய வேணும், அந்தப் பாரத்தைத் தடித்த பக்கம் தாங்கும்.

இரண்டாவது, அதிர்வு. கிரிக்கெட் மட்டையில் சரியான இடத்தில் பந்து பட்டால் கைக்கு ஒன்றும் தெரியாது, விலகிப் பட்டால் கை விறைக்கும். அம்பு போனதும் வில்லும் அப்படித்தான் அதிரும். ஆனால் அதன் நீளம் முழுக்க ஒரே அளவாக அதிராது. யுமியின் பிடி அதிர்வு குறைந்த இடத்துக்குக் கிட்ட அமைந்திருக்கிறது என்பது இந்த விளக்கம்.

பிடி சரியான இடத்தில் இருந்தால் மட்டும் போதாது, பிடிக்கிற விதமும் சரியாக இருக்க வேணும். யுமியில் அம்பு வைக்கத் தட்டு இல்லை. வில்லின் வலப்பக்கத்தில், இடது கைப் பெருவிரலின் மேல் அம்பு இருக்கும். அதனால் அது வலப்பக்கம் விலகப் பார்க்கும். இதைத் தடுக்க, பெருவிரலின் அடிப்பகுதியால் வில்லை மெல்ல முறுக்கிக்கொண்டு எய்கிறார்கள். இந்தப் பிடிக்குப் பெயர் 'தெனோஉச்சி'. அம்பு போனதும் வில் கைக்குள்ளேயே சுழன்று, நாண் முன்கையின் வெளிப்பக்கம் வந்து நிற்கும். இறுக்கிப் பொத்தினால் வில் சுழலாது, தளர விட்டால் வழுக்கும்.

இதன் பலனை 1686இல் கியோட்டோவில் பார்க்கலாம். சன்ஜூசன்கென்டோ கோயிலின் ஏறத்தாழ 120 மீற்றர் நீளத் தாழ்வாரத்தில், வாசா டைஹாச்சிரோ ஒரு நாளில் 13,053 அம்புகள் எய்தார். 8,133 அம்புகள் மறுமுனையைக் கடந்தன. ஒவ்வொரு அம்புக்கும் வில் கையை உலுக்கியிருந்தால் இது நடந்திருக்குமா?

சாமுராய்கள் குதிரையில் இந்த வில்லைப் பாவித்தது உண்மை. அவர்களுக்கு அது வசதியாகவும் இருந்தது. ஆனால் ஒரு பொருளால் பிறகு கிடைத்த பயன் வேறு, அது உருவான காரணம் வேறு. இரண்டையும் குழப்பினால், குதிரை வருவதற்கு முந்தியே தரையில் நிண்டு எய்து, தடியைச் செதுக்கிச் சரிபார்த்த பெயர் தெரியாத ஆக்களின் வேலை வீரர்களின் கணக்கில் போய்விடும். 'இதுக்காகத்தான் இப்படிச் செய்தவை' எண்டு ஆராவது சொன்னால், எது முதல் வந்தது எண்டு ஒருக்கா கேட்டுப் பாருங்கோ.