மொன்றியலில் குழந்தை ஊட்டம்: பால் நிலையம் முதல் உண்ணும் திறன் ஆய்வு வரை

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் மொன்றியலில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று முதல் ஆண்டு நிறைவதற்குள் இறந்தது. கோடையில் கெட்டுப்போன பாலும் அதனால் வந்த வயிற்றுப்போக்கும் இதற்குப் பெருங்காரணம். ஆகவே அந்நகரில் நலிந்த குழந்தைக்குக் கிடைத்த முதல் ஊட்ட உதவி, கெடாத பால். பிரான்சின் ஃபேகாம்ப் நகரில் லியோன் துஃபூர் 1894இல் தொடங்கிய 'பால் துளி' நிலையத்தைப் பின்பற்றி 1901இல் மொன்றியலிலும் ஒன்று திறக்கப்பட்டது. அது நீடிக்கவில்லை. 1910க்குப் பிறகே இத்தகைய நிலையங்கள் பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பங்குகளில் பரவின. பால் வாங்க வந்த தாய் குழந்தையையும் தூக்கி வந்தாள். அங்கேயே எடை பார்த்து, மருத்துவர் அறிவுரை சொன்னார். பாலைவிட இந்த எடை பார்க்கும் வழக்கமே காலப்போக்கில் நிலைத்தது. ஆயினும் 1927இல் மாசுபட்ட பாலால் பரவிய டைபாய்டு ஐந்நூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. சுத்தமான பால் அதுவரை உறுதியாகிவிடவில்லை என்பதற்கு அதுவே சான்று.

அடுத்த கட்டம் சத்துக் குறைபாடுகளைப் பற்றியது. 1930களின் தொடக்கத்தில் டொராண்டோ மருத்துவர்கள் 'பாப்லம்' என்ற சத்தூட்டிய தானியக் கூழை உருவாக்கினர். மொன்றியலில் 1879 முதல் இயங்கிவந்த டயட் டிஸ்பென்சரி என்ற தொண்டு அமைப்பு, ஆக்னஸ் ஹிக்கின்ஸ் தலைமையில் வேறொரு வழியைப் பிடித்தது: ஏழைக் கர்ப்பிணிகளுக்குப் பால், முட்டை, ஆரஞ்சு. இத்திட்டத்தில் பிறந்த குழந்தைகள், அதே தாய்க்குத் திட்டத்துக்கு வெளியே பிறந்த உடன்பிறப்புகளைவிடச் சராசரியாக 107 கிராம் கூடுதல் எடையுடன் பிறந்ததாக 1989இல் வெளியான ஆய்வு காட்டியது. பிள்ளைக்கான ஊட்டம் தாயின் தட்டிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிட நேரான ஆதாரம் அரிது.

வைட்டமின் டி வரலாறு சற்று விரிவாகப் பார்க்கத்தக்கது. மொன்றியல் வட அட்சம் 45 பாகைக்கு மேல் உள்ளது. குளிர்கால மாதங்களில் அங்கு விழும் வெயிலால் தோலில் இந்த வைட்டமின் போதிய அளவு உருவாவதில்லை. வட அமெரிக்காவின் பிற பகுதிகளில் 1930களிலிருந்தே பாலில் அதைச் சேர்த்துவந்தனர். ஆனால் கியூபெக்கில் 1960களிலும் ரிக்கெட்ஸ் நோயால் கால் வளைந்த குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தனர். மொன்றியல் குழந்தைகள் மருத்துவமனையின் மரபியல் மருத்துவர் சார்லஸ் ஸ்க்ரைவர், மரபுவழி வரும் அரிய ரிக்கெட்ஸை ஆராய்ந்தவர். சாதாரணக் குறைபாட்டால் வரும் ரிக்கெட்ஸை முற்றிலும் தடுக்க முடியும் என்பதால், பாலில் வைட்டமின் டி சேர்க்க வேண்டுமென அவர் வலியுறுத்தினார். 1970களில் அது நடைமுறைக்கு வந்ததும் நோய் வேகமாகக் குறைந்தது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இன்று கனடாவில் நாளொன்றுக்கு 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு மருந்து பரிந்துரைக்கப்படுகிறது. பார்க் எக்ஸ்டென்ஷன், கோட்-டி-நேஜ் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம்: கருமை கூடிய தோலில் இந்த வைட்டமின் மெதுவாகவே உருவாகும்.

சத்து இருந்தும் உண்ணாத குழந்தையின் சிக்கல் இவற்றால் தீரவில்லை. உடல்நோய் எதுவும் தென்படாமல் எடை ஏறாத குழந்தை என்றால், நெடுங்காலம் தாயின் பராமரிப்பையே குறைகூறினர். ஆய்வாளர்கள் மரியா ராம்சே, எரிகா கிசல் உள்ளிட்டோர் 1993இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கேள்விக்குள்ளாக்கியது. நோய்க் காரணம் தெரிந்த குழந்தைகளிடமும் தெரியாத குழந்தைகளிடமும் உறிஞ்சுதல், மெல்லுதல், விழுங்குதல் போன்ற உண்ணும் திறனில் ஒத்த குறைபாடுகள் காணப்பட்டன. பல தாய்மார்களின் மேலிருந்த அநியாயமான பழியை இறக்கிய ஆய்வு இது.

இதன் தொடர்ச்சியாக, ராம்சே குழுவினர் 2011இல் மொன்றியல் குழந்தைகள் மருத்துவமனை உணவூட்டல் அளவுகோலை வெளியிட்டனர். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு உரிய 14 கேள்விகள் அதில் உண்டு. சாப்பாட்டு நேரம் எவ்வளவு நீள்கிறது, குழந்தை உணவை வாயில் அடக்கி வைத்துக்கொள்கிறதா, குமட்டுகிறதா, ஊட்டுவதற்குப் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கிறதா, தொலைக்காட்சி காட்ட வேண்டியிருக்கிறதா என்றெல்லாம் அது கேட்கிறது. ஒவ்வொரு விடையும் ஏழு படிகளில் அமையும்.

கடையில் விற்கும் சத்துப் பானங்களை இந்த வரலாற்றின் வெளிச்சத்தில் வைத்தே மதிப்பிட வேண்டும். அவற்றில் பல, ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி தருபவை. முழுப்பாலில் கிடைப்பது அதில் மூன்றில் இரண்டு பங்கே. எடை இழந்த குழந்தைக்கு மருத்துவர் சொல்லும் அளவில் இவை பயன்படும். நாள் முழுக்கப் பருகக் கொடுத்தால் வயிறு நிரம்பிப் பசி மங்கும். பசுப்பாலுக்கும் இது பொருந்தும்: அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதால் நாளொன்றுக்கு 750 மில்லிலிட்டருக்கு மேல் வேண்டாம் என்கிறது கனடிய வழிகாட்டுதல். மெல்லவோ விழுங்கவோ சிரமப்படும் குழந்தைக்கு எந்தப் பானமும் அந்தத் திறனைக் கற்றுத் தராது. அதற்குப் பயிற்சி சிகிச்சையே தேவை.

மேற்சொன்ன உணவூட்டல் அளவுகோல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் உருவானது. பின்னர் டச்சு, போலிஷ், தாய் உள்ளிட்ட மொழிகளுக்கும் சென்றது. பிள்ளை சாப்பிடவில்லை என்று வரும் தமிழ்த் தாயிடமும் சத்துமாவு டின்னைப் பரிந்துரைக்கும் முன் இந்தக் கேள்விகளைத் தமிழிலேயே கேட்க வேண்டும்.